எக்கோ நேரம் டி1-ஐவிட ஏன் இவ்வளவு குறைவு?

கேள்வி: அதிர்வெண் மாறாத டிரான்ஸ்மான் (மீக்கடத்திச் சுற்றாலான) கியூபிட். டி1 (ஆற்றலை இழக்கும் நேரம்) 70 மைக்ரோநொடி, ராம்சே (கட்டம் குலையும் நேரம்) 12, எக்கோ (நடுவே ஒரு பல்ஸால் மெதுவான இரைச்சலை நீக்கி அளந்த அதே நேரம்) வெறும் 18. கியூபிட் நிலையைப் படிக்கும் ரீட்அவுட் ரெசனேட்டர் 7 கிகாஹெர்ட்ஸ். அதன் அகலமும் டிஸ்பர்சிவ் விலகலும் (கியூபிட் நிலை மாறும்போது ரெசனேட்டர் அதிர்வெண் நகரும் அளவு) தலா 1 மெகாஹெர்ட்ஸ். உள்ளீட்டுக் கம்பியில் அட்டெனுவேட்டர்கள் (சிக்னலையும் இரைச்சலையும் குறைப்பவை): 4 கெல்வினில் 20 டெசிபல், 100 மில்லிகெல்வினில் 20, மிகக் குளிர்ந்த அடித்தட்டில் 10. எங்கே தேடுவது?

பதில் 1: எக்கோவும் விழுவதால் மெதுவான இரைச்சல் மட்டும் காரணமல்ல. ரெசனேட்டரில் தங்கும் ஃபோட்டான்களைத்தான் முதலில் சந்தேகிப்பேன். உங்கள் எண்களின்படி, டி1-இன் பங்கை நீக்கினால், டீஃபேசிங் (கட்டக் குலைவு) நேரம் சுமார் 21 மைக்ரோநொடி. அதற்குச் சராசரியாக 0.015 ஃபோட்டானே போதும், அதாவது ஏறக்குறைய 80 மில்லிகெல்வின். அறை வெப்பநிலையிலிருந்தும் 4 கெல்வினிலிருந்தும் வரும் இரைச்சல் உங்கள் அட்டெனுவேட்டர்களைத் தாண்டி விடும் மிச்சமும் சேர்ந்து சுமார் 0.02 ஃபோட்டான்! அடித்தட்டில் 10-க்குப் பதில் 20 போட்டால் அது பத்தில் ஒரு பங்காகும். பிறகு, அந்த இழப்பை ஈடுகட்ட, ரீட்அவுட் பல்ஸின் வீச்சை மூன்று மடங்குக்குச் சற்று மேல் உயர்த்துங்கள்.

பதில் 2: கணக்கு சரி, ஆனால் அட்டெனுவேட்டரை மாற்றக் கிரையோஸ்டாட்டை (குளிர்பெட்டியை) சூடாக்கும் முன் ஒரு சோதனை. ரீட்அவுட் பல்ஸ் இல்லாத நேரத்திலும் பல்ஸை உருவாக்கும் மிக்சர் வழியே லோக்கல் ஆஸிலேட்டரின் (அதற்கு ஊட்டப்படும் தொடர் மைக்ரோவேவ் மூலத்தின்) சிக்னல் கசியும். அறை வெப்பநிலையில் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) ஸ்விட்ச் வைத்து, எக்கோ வரிசை முடியும்வரை அந்த வழியை மூடிவையுங்கள். எக்கோ நீண்டால் குற்றவாளி கசிவுதான். மிக்சரின் டிசி ஆஃப்செட்டைத் திருத்தினால் போதும்.

பதில் 3: வெளியீட்டுப் பக்கத்தையும் விடாதீர்கள். 4 கெல்வினில் உள்ள ஹெம்ட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) பெருக்கியின் இரைச்சல் பின்னோக்கி வரும். அடித்தட்டில் இரண்டு ஐசொலேட்டர்கள் (ஒரு திசையில் மட்டும் சிக்னலை விடுபவை) வேண்டும், ஒன்று போதாது. அட்டெனுவேட்டரைச் செம்புப் பட்டையால் தட்டோடு இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் அதுவே சூடாகி இரைச்சல் கக்கும்.