நத்தார் குக்கிக்குப் புழுக்கொடியல் மாவும் பனங்கட்டியும்: எங்க பிழைக்குது?

மாரிக்குருவி:
நத்தாருக்குக் குடுக்க வழமையான பட்டர் குக்கியை விட்டிட்டு எங்கட பொருளில ஒண்டு செய்யப் பாக்கிறன். பாவிச்சது கோதுமை மா 125 கிராம், ஒடியல் மா 125 கிராம், மாஜரின் 125 கிராம், ஒரு குட்டான் (சின்னப் பனையோலைப் பெட்டி) பனங்கட்டியைக் கரைச்ச பாணி, ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா. அவண் 180 பாகை, 15 நிமிசம். முதல் தட்டு பரவி ஒண்டோட ஒண்டு ஒட்டி அடி கருகிப் போச்சு. அடுத்ததுக்கு மாவைக் கூட்டினன், அது வாயில மண் மாதிரி உதிருது. ரெண்டிலயும் கடைசியில ஒரு கைப்பு நிக்குது. பிளம்ஸுக்குப் பதிலாப் பனாட்டுத் துண்டும் (காயவைச்ச பனம்பழக் களி) போட விருப்பம். எதை மாத்தவேணும்?

பனம்பாத்தி:
கைப்புக்குக் காரணத்தை நீங்களே எழுதிப்போட்டியள். ஒடியல் எண்டது பச்சைப் பனங்கிழங்கைக் கிழிச்சுக் காயவைச்சது. கூழுக்கு எடுக்கேக்கயும் அந்த மாவைத் தண்ணியில ஊறவைச்சு, மேல் தண்ணியை ஊத்திப்போட்டுத்தானே பாவிக்கிறம். காஞ்ச மாவை அப்பிடியே குக்கிக்குப் போட்டால் அந்தக் கைப்பு எங்க போகும்? உங்களுக்குத் தேவை புழுக்கொடியல் மா: கிழங்கை அவிச்சுக் காயவைச்சு இடிச்சது. நிறம் கொஞ்சம் மஞ்சள் கபிலம், மணத்தில ஒரு இனிப்பு இருக்கும். கூழுக்கு எடுத்து வைச்ச மாவில கைவைக்காதேங்கோ, அது கூழுக்கே இருக்கட்டும்.

மார்கழியில கடையில கிடக்கிறது பெரும்பாலும் போன பருவத்து மா. வாங்கேக்க மணந்து பாருங்கோ, பூஞ்சண மணம் இருந்தால் வேண்டாம். ஆகச் சின்னக் கண் அரிதட்டில ரெண்டு தரம் அரியுங்கோ. மேல மிஞ்சிற தும்பை எறியுங்கோ, வாயில மண் மாதிரி வாறதில பாதி அந்தத் தும்புதான். அரிச்ச மாவை மெல்லிய நெருப்பில ஒரு 5 நிமிசம் வெறுஞ்சட்டியில பிரட்டினால் வாசம் எழும்பும். ஆறவிட்டுத்தான் பட்டரோட சேர்க்கவேணும்.

அளவு அரைக்கரைவாசி கூடாது. மொத்த மாவில ஐஞ்சில ஒரு பங்கு காணும். கோதுமையில இருக்கிற இழுவை இதில கொஞ்சமும் இல்லை, கூடினால் குக்கியைப் பிடிச்சு வைக்க ஒண்டும் இல்லாமல் போகும். இன்னொண்டு, இந்த மா தண்ணியை மெல்ல மெல்லத்தான் குடிக்கும். குழைச்ச உடன இளகலாத் தெரியும், அரை மணித்தியாலத்தில தானா இறுகும். இளகலாக் கிடக்கெண்டு உடன மாவைக் கூட்டினதுதான் ரெண்டாவது தட்டில விட்ட பிழை.

குட்டான்:
மாவைப் பற்றி மேல சொன்னது சரி. முதல் தட்டு பரவினதுக்குக் காரணம் பனங்கட்டிப் பாணி. பாணி எண்டால் அதில தண்ணி இருக்கு. அதோட முழு முட்டையின்ர தண்ணியும், இளகின மாஜரினும் சேர்ந்தால் சூடு பிடிக்க முதலே உருண்டை வழியத் தொடங்கும். பாணியில செய்யிறதெண்டால் கேக் செய்யலாம்.

பனங்கட்டியைக் கத்தியால சுரண்டித் தூளாக்குங்கோ. குட்டானுக்குக் குட்டான் நிறை வேற, தராசில நிறுங்கோ. மழை நாளில கட்டி கசிஞ்சு கத்தியில ஒட்டும், ஒரு மணித்தியாலம் பிரிஜ்ஜில வைச்சிட்டுச் சுரண்டினால் உதிரும். பல்லில மண் நெருடுது எண்டால் மட்டும் கரைச்சு வடிகட்டி, தண்ணிக்குள்ள விட்ட ஒரு துளியை எடுத்துத் தட்டில போட்டால் "டங்" எண்டு சத்தம் கேக்கிற பதத்துக்குக் காய்ச்சி, ஆறவைச்சுத் திருப்பிச் சுரண்டவேணும். வேலைதான், வேற வழி இல்லை.

முழுக்கப் பனங்கட்டியும் வேண்டாம். சீனிப் பளிங்கு பட்டருக்குள்ள காத்தை அடிச்சு ஏத்தும், பனங்கட்டித்தூள் அந்த வேலையைச் சரியாச் செய்யாது. முதல் பட்டரையும் சீனியையும் அடிச்சு, வெளிறின பிறகு பனங்கட்டியைப் போடுங்கோ. அப்பச்சோடாவை விடுங்கோ. அது பரவலையும் கூட்டும், நிறத்தையும் கறுப்பிக்கும். பனங்கட்டி ஏற்கனவே சீனியை விடக் கெதியாக் கருகிற சாமான், அதால 180 கூட, 160 காணும்.

எள்ளுப்பாகு:
ஒரு சின்ன எச்சரிக்கை. பாதிக் கோதுமை மாவை அவிச்ச மாவாப் போட்டால் புழுக்கொடியல் மாவைக் கால்வாசி வரைக்கும் கூட்டலாம் எண்டு சில பேர் சொல்லுவினம். நம்பாதேங்கோ. அவிச்ச மாவிலயும் இழுவை செத்துப்போகும், ரெண்டும் சேர்ந்தால் எடுக்கேக்கயே பொடியும்.

பனாட்டுக்கு வாறன். பாணியில ஊறவைச்ச பாணிப்பனாட்டு வேண்டாம், பாணி உருகித் தட்டில ஒட்டும். காஞ்ச பனாட்டை நல்லெண்ணெய் தடவின கத்தரிக்கோலால பயறளவுக்கு வெட்டி, ஒரு தேக்கரண்டி மாவில பிரட்டுங்கோ, இல்லையெண்டால் எல்லாம் ஒரே கட்டியாச் சேரும். மேல பதிக்கிற துண்டு அவணில கல்லாகும், கருகிக் கைக்கும். உருட்டேக்க உள்ளுக்க போகவேணும். 40 கிராமுக்கு மேல போனால் பனாட்டின்ர கைப்பும் தெரியத் தொடங்கும்.

பனம்பாத்தி:
அப்ப கணக்கைச் சேர்த்துத் தாறன். கோதுமை மா 180, புழுக்கொடியல் மா 45, உப்புப் பட்டர் 125, சீனி 50, சுரண்டின பனங்கட்டி 70, பனாட்டு 40, எல்லாம் கிராம். ஒரு முட்டை மஞ்சட்கரு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி ஏலக்காய்த்தூள். மாஜரின் வேண்டாம், பனங்கட்டி வாசத்தை அது அமத்திப்போடும். பட்டரைப் பிரிஜ்ஜால எடுத்துப் பத்து நிமிசத்தில அடிக்கத் தொடங்குங்கோ. விரல் அமத்தினால் பதியவேணும், மினுங்கக் கூடாது. மினுங்கினால் உருகத் தொடங்கீட்டுது, திருப்பி உள்ள வையுங்கோ.

குழைச்சு, மூடி, ஒரு மணித்தியாலம் பிரிஜ்ஜில. 20 கிராம் உருண்டையா ஒரு இருபத்தைஞ்சு வரும். ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு அமத்தி, ரெண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கோ. நடுத்தட்டு, 160 பாகை, 14 நிமிசத்தில ஒருக்காப் பாருங்கோ. விளிம்பு இறுகி நடு இன்னும் மெத்தெண்டு இருக்கேக்க எடுக்கவேணும், ஆறேக்க இறுகும். நிறத்தைப் பாத்து முடிவெடுக்க ஏலாது, இது பச்சையிலயே கபிலம். சின்ன மேசை அவணில பின்பக்கம் கூடச் சுடும், பாதியில தட்டைத் திருப்புங்கோ.

மாரிக்குருவி:
நன்றி. முட்டை சாப்பிடாத ஆக்களுக்கு என்ன செய்யிறது? செய்து மூண்டு நாளில நமத்தும் போகுது.

குட்டான்:
மஞ்சட்கருவுக்குப் பதிலா ஒன்றரை மேசைக்கரண்டி பால். கொஞ்சம் கூட உதிரும், பரவாயில்லை. நமத்துறதுக்குக் காரணம் மாரி ஈரமும் பனங்கட்டியும், ரெண்டும் சேர்ந்தால் தண்ணியை இழுக்கும். கம்பித்தட்டில முழுக்க ஆறினபிறகு பேணியில போடுங்கோ, இளஞ்சூட்டோட மூடினால் அண்டைக்கே பதம் போம். கேக்கோட ஒரே பேணியில வைக்கிறதும் கூடாது. நமத்தால் 150 பாகையில 5 நிமிசம் வைச்சு ஆறவிடுங்கோ. குடுக்கிற நாளுக்கு முந்தின நாள் சுடுறதெண்டால் உருட்டி அமத்தின உருண்டையைப் பிரீசரில வைச்சிருக்கலாம், அப்பிடியே தட்டில வைச்சு ரெண்டு மூண்டு நிமிசம் கூடச் சுட்டால் சரி.