புதுப்பிப்பு: நூல் மூட்டை வழக்கில் அண்ணனின் அப்பீல்

திண்டுக்கல்லிலிருந்து திருப்பூருக்குப் போன லாரியில் நூல் மூட்டைகள் குறைந்ததாக டிரைவரான என் அண்ணன் மேல் இ.பி.கோ. 407-இல் (ஒப்படைத்த சரக்கை ஏற்றிச் செல்பவரே கையாடும் குற்றம்) வழக்கு, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 2 வருடத் தண்டனை என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

தண்டனை 3 வருடத்தைத் தாண்டாததால் அப்பீல் போடும்வரை அந்தக் கோர்ட்டே ஜாமீன் கொடுத்துவிட்டது. நேராக ஹைகோர்ட் போங்கள் என்று பலர் சொன்னீர்கள். அப்படிப் போக முடியாது, மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டில்தான், அதுவும் 30 நாளுக்குள். அங்கேயும் தோற்றால்தான் ஹைகோர்ட்டில் சீராய்வு மனு, அதாவது கீழ்க்கோர்ட் தீர்ப்பு சட்டப்படி சரியா என்று பார்க்கக் கேட்கும் மனு.

செஷன்ஸில் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். ஆனால் நின்றது தண்டனை மட்டும்தான், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அதனால் லோடு வண்டி யாரும் தருவதில்லை, இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.

வாதத்தில் எங்கள் வக்கீல் அதிகம் தாக்கியது லாரி போன இடங்களைக் காட்டும் ஜிபிஎஸ் பிரிண்டைத்தான். வண்டி வழியில் நின்றது என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம், அதற்கு 65பி சான்றிதழே (மின்னணுப் பதிவை ஆதாரமாகக் கொடுக்கும்போது சாட்சியச் சட்டப்படி சேர்க்க வேண்டியது) இல்லை, சுப்ரீம் கோர்ட் 2020-லேயே அது கட்டாயம் என்று சொல்லிவிட்டது. மகஜரில் (போலீஸ் பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் பதிவு) கையெழுத்துப் போட்ட சாட்சிகள் இரண்டு பேரும் கோர்ட்டில் பிறழ்ந்து, போலீஸ் தரப்புக்கு எதிராகச் சொல்லிவிட்டார்கள். போலீசிடம் அண்ணன் கொடுத்ததாகச் சொல்லும் வாக்குமூலத்திலும் பொருளைக் கண்டுபிடிக்க வழிகாட்டிய பகுதி மட்டுமே செல்லும். ஏற்றும்போது போட்ட எடைச்சீட்டு எங்கே என்று விசாரணையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, எனக்கு இன்னும் எரிச்சல் அதில்தான்.

சரி, வாதம் முடிந்து தீர்ப்புக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். வந்ததும் இங்கேயே போடுகிறேன்.