கீட்டோ உணவுமுறையில் மலச்சிக்கல்: நெய் இருக்கும்போது நார்ச்சத்து தேவையில்லையா?

தல்லாகுளத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டதால் சில மாதங்களாக, மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையைப் பின்பற்றி வருகிறேன். காலையில் நெய்யில் பொரித்த முட்டை, மதியம் மட்டன் சுக்கா அல்லது கோழி, இரவில் பனீர் என்று உண்கிறேன். எடை குறைந்திருக்கிறது, உண்டபின் வரும் அயர்வும் இல்லை. ஆனால் மலச்சிக்கல் விடாமல் தொடர்கிறது, மாலையானால் வயிறு உப்பிக்கொள்கிறது. நீராகாரம் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. அதிலுள்ள மாவுச்சத்தை எண்ணித் தயங்குகிறேன். இதே முறையைப் பின்பற்றும் நண்பரோ, நெய்யிலேயே பியூட்டிரிக் அமிலம் இருப்பதால் குடலுக்கு நார்ச்சத்தே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறார். அது சரியா? நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரை வாங்கலாமா?

வைகைக்கரை எழுதியது:

தம்பி, நான் உணவியல் துறையில் பணியாற்றுகிறேன். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது பலரையும் நம்பவைக்கிறது. நெய்யில் பியூட்டிரிக் அமிலம் சிறிதளவு இருப்பது மெய்தான். ஆனால் நாம் உண்ணும் நெய்யின் கொழுப்பு சிறுகுடலிலேயே செரித்து உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பெருங்குடல் வரை அது போய்ச் சேருவதில்லை. பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருளாக விளங்குவது பியூட்டிரேட், அதாவது அதே பியூட்டிரிக் அமிலத்தின் இன்னொரு வடிவம்; அது, செரிக்காமல் அங்கே வந்து சேரும் நார்ச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைப்பதால் அந்த இடத்திலேயே உருவாகிறது. ஆகவே எத்தனை கரண்டி நெய் ஊற்றினாலும் நார்ச்சத்தின் வேலையை அது செய்யாது.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கீட்டோ உணவை உண்டவர்களின் குடலில் பிஃபிடோபாக்டீரியா என்னும் நல்ல பாக்டீரியா வகை குறைந்திருப்பது தெரியவந்தது. அந்தக் குறைவு ஒவ்வொருவருக்கும் தீங்காக முடியும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆயினும் மாவுச்சத்தைக் குறைக்கிறவர் குடலில் வாழும் உயிர்களுக்கு வேறு உணவு தர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கீட்டோவில் நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராம் வரை மாவுச்சத்து அனுமதிக்கப்படுகிறது. அந்த இடத்தைப் பலர் முந்திரியிலும் பனீரிலும் தீர்த்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதிய பட்டியலில் ஒரு காய்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தைப் பரிந்துரைக்கிறது. 100 கிராம் தேங்காயில் ஏறத்தாழ 9 கிராம் நார்ச்சத்து உண்டு. ஆளி விதையில் உள்ள மாவுச்சத்தின் பெரும்பகுதி நார்ச்சத்தே என்பதால், வறுத்துப் பொடித்து இரண்டு கரண்டி சேர்த்துக்கொண்டாலும் கணக்கு மீறாது. மதுரை அண்ணாநகர் உழவர் சந்தைக்கு, 1999இல் தமிழகத்திலேயே முதன்முதலில் தொடங்கப்பட்ட அந்தச் சந்தைக்கு, காலையில் ஒருமுறை சென்று வாருங்கள்: வாழைத்தண்டு, வாழைப்பூ, புடலை, வெண்டை, முருங்கைக்கீரை எல்லாம் உங்கள் உணவுக்குப் பொருந்துபவையே. வாழைக்காயை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது முழுக்க மாவு. கொத்தவரங்காயையும் மறக்க வேண்டாம். குவார் பிசின் என்னும் கரையும் நார்ப்பொருள் அதன் விதையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பருப்பு சேர்க்காமல் தேங்காய்த் துருவலோடு பொரியலாக்கி, சுக்காவுக்கு நிகரான அளவில் தட்டில் வையுங்கள். ஆனால் ஒரே நாளில் அளவைக் கூட்டினால் உப்புசம் அதிகமாகும். வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுவதே நல்லது.

தண்ணீரும் உப்பும் இன்னொரு காரணம். மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் தாழ்கிறது, அதனால் சிறுநீரகம் சோடியத்தையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. மதுரை வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொள்ள, மலம் இறுகுகிறது. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால், உப்பிட்ட நீர்மோரையும் எலும்பு ரசத்தையும் தாராளமாகக் குடிக்கலாம்.

மேலூர் அக்கா எழுதியது:

தம்பி, அம்மா சொல்வதன் உட்பொருள் சரியானதே. நொதித்த ஒன்றை வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்கிறார். நீராகாரத்துக்குப் பதிலாக, வீட்டில் உறையூற்றிய தயிரை நீர்க்கக் கடைந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டுக் குடியுங்கள். மோர்க்குழம்பாகக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள உயிர்கள் மடிந்துவிடும். மாத்திரையைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். நார்ச்சத்து இல்லாத குடலுக்குள் விலை கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை அனுப்பினால் அதுவும் பட்டினிதான் கிடக்கும்.

ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினையும் சொல்ல வேண்டும். சர்க்கரைப் பாகும் பாலும் ஐஸ்கிரீமும்தான் நமக்கு ஆகாது, பிசின் ஆகும். இரவே நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக மலர்ந்தபின் மோரில் கலந்து குடிக்கலாம். இசப்கோல் என்னும் நார்ச்சத்து உமியை எடுத்தாலும் தண்ணீர் தாராளமாக வேண்டும்; குறைவான நீரில் விழுங்கினால் தொண்டையில் அடைக்கக்கூடும்.

தெற்குவாசல் எழுதியது:

மேலே உள்ளவற்றோடு மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டிருந்தால் உப்புசத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை நோய் மாத்திரைகளை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீட்டோவில் இறங்கவே கூடாது; இரத்தச் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே உடலில் அமிலம் மிகுந்து உயிருக்கு ஆபத்தாகும் நிலை அவர்களுக்கு வரக்கூடும். மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, வாயுகூடப் பிரியாத கடும் வயிற்றுவலி ஆகியவை இருந்தால் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தல்லாகுளத்தான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மருந்து எதுவும் எடுக்கவில்லை. காய்களை இன்றே தொடங்குகிறேன். சின்ன வெங்காயமும் பூண்டும் குடலுக்கு நல்லவை என்கிறார்கள், அவற்றைக் கூட்டலாமா? சர்க்கரை இல்லாத சாக்லேட் அவ்வப்போது உண்பதையும் குறிப்பிட விட்டுவிட்டேன்.

வைகைக்கரை எழுதியது:

அந்தச் சாக்லேட்டின் உறையில் மால்டிட்டால் அல்லது சார்பிட்டால் என்னும் இனிப்பூட்டிகளின் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். உப்புசத்தில் ஒரு பங்கு அதனால் வந்திருக்கலாம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்னும் நார்ப்பொருளை நல்ல பாக்டீரியாக்கள் விரும்பி உண்ணும். ஆனால் உப்பிய வயிற்றில் அதுவே வாயுவைக் கூட்டும். உப்புசம் அடங்கும் வரை தாளிப்புக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொண்டு, பிறகு நாளுக்கு நான்கைந்து சின்ன வெங்காயம் வரை கூட்டிப் பாருங்கள்.