ஈசி (வில்லங்கச் சான்று) சுத்தமாக இருக்கிறது, விற்பவர் பவர் ஏஜென்ட் – டோக்கன் அட்வான்ஸ் போடலாமா?

புதுமனை:
முதலீட்டுக்காக முதன்முறை மனை வாங்கப் போகிறேன். செங்கல்பட்டு மாவட்டம், 1,200 சதுர அடி. பவர் (உரிமையாளர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கியவர்தான் விற்கிறார். 2005 முதல் ஈசி போட்டேன், ஒரு பதிவும் வரவில்லை. பட்டாவில் நான்கு பேர். பஞ்சாயத்து அப்ரூவல் உண்டாம். நாளைக்கே 3 லட்சம் ரொக்கம் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஆவணப்பெட்டி:
கொடுக்காதீங்க. ஒரு பதிவுகூட வராததே சந்தேகத்துக்குரியது. எந்த சர்வே எண்ணுக்குப் போட்டீங்க? 112/3 என்ற நிலம் உட்பிரிவாகி 112/3ஏ1 ஆகியிருந்தால், புது எண்ணில் மட்டும் தேடும்போது பழைய கிரயமும் அடமானமும் வராது. தாய்ப்பத்திரத்தில் (முந்தைய மூலப் பத்திரம்) உள்ள எண், இப்போதைய உட்பிரிவு எண், இரண்டுக்கும் 1975 முதல் போடுங்க. அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்ததா என்றும் கேளுங்க. பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடக்கும் வழக்கு எல்லாம் ஈசியில் வரும் என்று நம்பவே கூடாது.

புதுமனை:
நன்றி சார். புது எண்ணுக்கு மட்டும்தான் போட்டேன். பவர் பற்றி?

வரப்பு:
பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் செத்தது. உயிர்வாழ் சான்றிதழ் கேளுங்க, முடிந்தால் அவரையே நேரில் பாருங்க. பவர் ரத்தாகிவிட்டதா என்று அது பதிவான அலுவலகத்தில் விசாரிங்க. கூட்டுப் பட்டா என்பதால் நால்வரும் பவர் கொடுத்தார்களா? யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்களின் கையெழுத்தை விட்டுவிடுவதால்தான் பிறகு பாகப்பிரிவினை வழக்கு வருகிறது. மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தொடாதீங்க; 18 வயது ஆனபின் 3 வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போட முடியும்.

ஆவணப்பெட்டி:
பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து லேஅவுட் (மனைப்பிரிவு) அனுமதி ஆகாது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண், வரைபடத்தில் உங்கள் மனை எண், இரண்டும் பொருந்தணும். அங்கீகாரமில்லாத மனையைப் பதிவுச் சட்டம் 22-ஏ தடுக்கிறது. 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவானது என்றால் மறுபதிவு நடக்கும், ஆனால் வரன்முறை செய்யாமல் (அங்கீகாரமில்லாத மனையை அரசிடம் முறைப்படுத்தாமல்) வீட்டுக்கு பிளான் அனுமதி வாங்க முடியாது. வங்கிக் கடனும் சிரமம்.

புதுமனை:
எல்லாம் சரியாக இருந்தால் அட்வான்ஸ் எப்படிக் கொடுப்பது?

வரப்பு:
வங்கி வழியாக மட்டும். நிலத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாகணும்; வெற்றுத்தாளில் எழுதினால், பணம் திரும்ப வாங்கவே அலையணும். கெடு தேதி, வில்லங்கம் தெரிந்தால் எத்தனை நாளில் பணம் திரும்ப வரும் என்பதையும் அதில் எழுதுங்க. கிரயத்தன்று முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, கிரயத்தொகை இரண்டில் எது கூடுதலோ அதற்கு. முன்பணம் போடும் முன் சர்வேயரை வைத்து எஃப்எம்பி (புல அளவு) வரைபடத்தோடு நான்கு பக்கமும் அளந்து பாருங்க.