சிங்கப்பூரில் பழைய கார் எடுக்கும் முன்: மிச்சம் எத்தனை மாதம் என்று பாருங்கள்

வந்து ஆறு மாதம் ஆகிறது, வீட்டில் இரண்டு பிள்ளைகள், சனி ஞாயிறு வெளியே போக ஒரு பழைய கார் எடுக்கலாமா என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். ஊரில் பன்னிரண்டு வருஷக் காரை ஓட்டிய தைரியம் அவர் கேள்வியில் தெரிந்தது. அதே தைரியத்தில்தான் நானும் என் முதல் காரை எடுத்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊரில் காரை வாங்கினால் அது ஓடுகிற வரைக்கும் நம்முடையது. இங்கே அப்படி இல்லை. வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, 10 வருஷத்துக்குத்தான் செல்லும். அது முடிந்தால் என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஸ்க்ராப், இல்லையென்றால் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் விலையும் ஒரு நிலையில் நிற்காது. சின்ன கார்களுக்கான ஏ பிரிவில் 2018 கடைசியில் 30,000 வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) கீழே இருந்தது, 2023 அக்டோபரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. எனவே கார் விலையை மிச்சமிருக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 28,000 வெள்ளி, 28 மாதம் பாக்கி என்றால் கார் பார்க்கில் சும்மா நின்றாலும் மாதம் 1,000 வெள்ளி கரைகிறது. இதைத்தான் இங்கே டெப்ரிசியேஷன் என்று எல்லாரும் பேசுவார்கள்.

விளம்பரத்தில் 'சிஓஇ கார்' என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே 10 வருஷம் முடித்துப் புதுப்பித்த கார். அதற்குக் கடைசியில் பார்ஃப் தள்ளுபடி, அதாவது 10 வருஷத்துக்குள் பதிவை ரத்து செய்யும் காருக்குத் திரும்பக் கிடைக்கும் பணம், கிடையாது. புதுப்பிக்கும்போது 5 வருஷம், 10 வருஷம் என்று இரண்டு வழி உண்டு. 5 வருஷம் எடுத்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. இதை விற்கிறவர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்களே கேளுங்கள். 10 வருஷம் தாண்டிய காருக்குச் சாலை வரியிலும் கூடுதல் கட்டணம் உண்டு. முதலில் 10 சதவீதம், வருஷத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். 1.6 லிட்டர் காருக்கு வருஷம் 740 வெள்ளி போல வருகிற வரி, 14 வருஷம் தாண்டினால் 1,100ஐத் தொடும். கட்டாயப் பரிசோதனையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை என்பது போய் வருஷா வருஷம் ஆகிவிடும்.

காப்புறுதியில் (இன்சூரன்ஸ்) இழப்பீடு கேட்காமல் ஓட்டியவருக்குத் தரும் நோ கிளெய்ம் தள்ளுபடி வருஷத்துக்கு 10 சதவீதமாக ஏறி 50 வரை போகும். புதிதாக வந்தவர் பெரும்பாலும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும், அதனால் முதல் வருஷப் பிரீமியம் கனமாக இருக்கும்.

சரி, இப்போது இயந்திரத்துக்கு வருவோம். இங்கே பழைய காரைச் சாப்பிடுவது வெயிலும் நெரிசலும். ரப்பர் எல்லாம் சீக்கிரம் காய்ந்து விறைத்துப்போகும். சிவப்பு விளக்கில் டி கியரில் நிற்கும்போது ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடினால் என்ஜினைத் தாங்கும் ரப்பரான என்ஜின் மவுண்ட்டைச் சந்தேகப்படுங்கள். கார் பார்க் மேட்டில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்றால் பெரும்பாலும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ். பேட்டரி இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். வார இறுதியில் மட்டும் ஓடிய காரில் டயர் பட்டன் ஆழமாகவே இருக்கும், பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். டயரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3519 என்றால் 2019இன் 35வது வாரம் செய்தது.

ஏர்கானைத் தனியாகச் சொல்ல வேண்டும். காட்டும் அன்று ஜில்லென்று இருக்கும், மூன்று வாரத்தில் வெறும் காற்றுதான் வரும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் ஓட்டையாகி, கேஸை மட்டும் நிரப்பிக் காட்டியிருப்பார்கள். காயில் விலையை விட, டாஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் நம்மை அடிக்கும்.

என் கதை கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். வாங்கி ஐந்தாவது மாதம், சனிக்கிழமை சாயங்காலம், உட்லண்ட்ஸ் பக்கம் போகிற புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தோம். டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு மெல்ல மேலே ஏறியது. நல்லவேளையாக மனைவி அதைப் பார்த்துச் சொன்னாள். உடனே ஓரம் கட்டி என்ஜினை அணைத்தேன். இழுவை வண்டியில் ஏற்றி, கார் பட்டறைகள் நிறைந்த சின் மிங் கொண்டு போனோம். அங்கிருந்த மெக்கானிக் அங்கிள் நன்றாக ஆறும் வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். டீ டிகாக்‌ஷன் நிறம். விற்றவர்கள் கூலண்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். உள்ளே துருப் பிடித்து, வாட்டர் பம்ப் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது, தெர்மோஸ்டாட்டும் சிக்கிக்கொண்டது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் என்ஜினுக்குள் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போயிருக்கும் என்றார். எனக்கு 600 வெள்ளிக்குப் பக்கமாக முடிந்தது. பார்க்கப் போகும்போது கூலண்ட் பாட்டிலைப் பாருங்கள். பச்சையோ சிவப்போ நீலமோ, தெளிவான நிறமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் காலையில் வருகிறேன், ஆறிய காரைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சிவிடி கியர் (பெல்ட் மாதிரி ஒன்றால் ஓடும் ஆட்டோமேட்டிக்) என்றால் பத்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் உதறுகிறதா என்று கவனியுங்கள். சிவிடி ஆயில் மாற்றிய ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத சிவிடி காரை நான் எடுக்க மாட்டேன், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. பணம் கட்டும் முன் விற்பவரோடு தொடர்பில்லாத பரிசோதனை நிலையம் ஒன்றில் ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். மறுக்கிற விற்பனையாளரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகும் அந்த மாதக் கணக்கை விடாதீர்கள். ஒவ்வொரு ரிப்பேருக்கும் மிச்ச மாதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். பிரேக், டயர், ஸ்டீயரிங், கூலண்ட் இவற்றில் நாள் குறைவு என்று தள்ளிப்போடவே கூடாது, பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் எட்டு மாதம் பாக்கி உள்ள காருக்குப் புது அப்சார்பர் செட்டும் பெயின்ட்டும் வேண்டாம். வால்வ் கவரில் லேசாக எண்ணெய் கசிந்தால், ஆயில் அளவுகோலை வாரம் ஒரு முறை பார்த்து ஓட்டிவிடலாம். கியர்பாக்ஸே போய்விட்டால் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இப்போதே பதிவை ரத்து செய்தால் மிச்ச சிஓஇ மதிப்பு திரும்ப வரும். சில சமயம் ரிப்பேரை விட அதுவே லாபம்.

இன்னொருவர், பாலம் தாண்டினால் வரும் மலேசியாவின் ஜொகூரில் சர்வீஸ் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். டயர், ஆயில் மாதிரி வேலைகளுக்குப் பலர் போகிறார்கள், நானும் போயிருக்கிறேன். வெளிநாட்டு வண்டி உள்ளே வருவதற்கான மலேசியாவின் விஇபி அனுமதிப் பதிவை முடித்துவிட்டுப் போங்கள். சோதனைச்சாவடியைத் தாண்டும்போது பெட்ரோல் டேங்க் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். பெரிய வேலையை அங்கே கொடுக்காதீர்கள். மறுபடி அதே கோளாறு வந்தால் பாலம் தாண்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

தம்பி, நீங்கள் பார்த்திருக்கும் காரின் விவரத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்திலிருந்து எடுத்துக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். சிஓஇ முடியும் தேதி, எத்தனை முறை கைமாறியது இரண்டையும் இங்கே போடுங்கள். கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம். ஊர் லைசென்ஸை 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும், அதற்கு பேசிக் தியரி டெஸ்ட் எழுத வேண்டும். உங்களுக்கு ஆறு மாதம் போய்விட்டது, அதற்கு முதலில் பதிவு செய்துவிடுங்கள்.