‘தீங்கற்ற பிழைச்செய்தி’ வேண்டாம், ‘இன்மைக் குறிப்பு’ போதும்

எல்லோருக்கும் வணக்கம்.

ஏதோ ஒரு துணைக்கோப்பு இல்லாமலேயே நிரல் ஓடும்போது காட்டும் வரிக்கு, நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில் ‘தீங்கற்ற பிழைச்செய்தி’ என்று சேர்த்திருப்பதை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். பிழை என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் தீங்கில்லை என்றால் படிக்கிறவர் எதை நம்புவார்?

ஹட்டனில் எங்கள் கணினி வகுப்பில் டெபியன் லினக்ஸ் இயங்குதளம்தான். டேட்டா மிச்சம் பிடிக்க, பரிந்துரைப் பொதிகளை (ஒரு நிரலுக்குக் கட்டாயமில்லாத துணை மென்பொருள்களை) விட்டுவிட்டுத்தான் இறக்குவோம். 2009இல் வந்த டெபியன் 5.0இலிருந்து, பொதிகளை நிறுவும் ஆப்ட் நிரல் அவற்றையும் தானாகவே நிறுவும். நாங்கள் அதை நிறுத்தி வைத்திருக்கிறோம். அப்புறம் முனையத்திலிருந்து (கட்டளை தட்டும் சாளரத்திலிருந்து) எதையாவது திறந்தால் ‘ஜிடிகே-மெசேஜ்: ஃபெயில்ட் டு லோட் மாட்யூல் கான்பெரா-ஜிடிகே-மாட்யூல்’ என்று, அதாவது அந்த மாட்யூலை (துணைக்கூறை) ஏற்ற முடியவில்லை என்று, வந்து நிற்கும். “சேர், கான்பெரா அவுஸ்திரேலியாவில தானே இருக்கு?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

அந்த மாட்யூலின் வேலை, பொத்தானை அழுத்தும்போதும் சாளரம் திறக்கும்போதும் ஒலி எழுப்புவது. நிரல் ஓடத் தொடங்கும்போது, சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் ஜிடிகே நூலகம் அதைத் தேடும். கிடைக்காவிட்டால் ஒரு வரி எழுதிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கும். ஒலி வராது, அவ்வளவுதான். கட்டாயமான நூலகக் கோப்பு இல்லாதபோது நடப்பது வேறு: நிரல் திறக்கவே திறக்காது, வெளியேற்ற எண் 127 வரும். பிழை என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று. ஜிடிகேக்கு அடிப்படையான ஜிலிப் நூலகத்தில் பிழை, எச்சரிக்கை, செய்தி என்று தனித்தனி நிலைகள் உண்டு. மேலே சொன்ன வரி வருவது ‘மெசேஜ்’ நிலையில். மூலத்தை எழுதியவர்களே பிழை என்று சொல்லாததை நாம் ஏன் தமிழில் பிழையாக்க வேண்டும்?

‘எச்சரிக்கை’யும் வேண்டாம். மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வெளியேற வேண்டும். பொத்தான் ஒலி இல்லாததற்கும் அதே சொல்லா?

என் முன்மொழிவு: இன்மைக் குறிப்பு.

பதுளையிலிருந்து பதில்

> என் முன்மொழிவு: இன்மைக் குறிப்பு.

தம்பி, ‘பிழை’யை எடுப்பது சரி. ஆனால் இன்மைக்கு வறுமை என்றும் பொருள் உண்டே. தோட்டத்துப் பிள்ளைக்குத் திரையிலும் அதைக் காட்ட வேண்டுமா? ‘விடுபாட்டுக் குறிப்பு’ எப்படி?

அத்தோடு, இயங்குதளத்தின் கருவான கேர்னலைப் புதுப்பிக்கும்போது இன்டெல் வரைகலைக்கான ஐ915 மாட்யூலுக்கு ‘பொசிபிள் மிஸ்ஸிங் ஃபெர்ம்வேர்’ (சிப்பை இயக்கும் கோப்பு இல்லாமல் இருக்கலாம்) என்று வரிசையாக வருகிறதே, அதை எதில் சேர்ப்பீர்கள்? முன்னால் ‘டபிள்யூ’ (வார்னிங், அதாவது எச்சரிக்கை) போட்டுத்தான் வருகிறது. பெரும்பாலும் நம்மிடம் இல்லாத சிப்புகளுக்கான கோப்புகள்தான். ஆனால் நம் மடிக்கணினியில் இருப்பதே அந்தச் சிப் என்றால் மின்சேமிப்பு வசதி நின்றுபோகலாம். அப்போது தீங்கற்றது என்று சொல்ல முடியாது.

மறுபடி ஹட்டனிலிருந்து

அண்ணா, ஃபெர்ம்வேர் உதாரணம் எனக்குத்தான் கைகொடுக்கிறது. தீங்கா இல்லையா என்பது ஆளுக்கு ஆள், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஆகவே அந்தத் தீர்ப்பைப் பெயருக்குள்ளேயே எழுதக் கூடாது. ஒன்று இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஃபெர்ம்வேர் வரியை எச்சரிக்கை என்று மூலத்திலேயே குறித்திருப்பதால் அப்படியே விட்டுவிடலாம்.

‘விடுபாடு’ என்றால் யாரோ மறந்துவிட்டதுபோல் இருக்கிறது. பார்க்கிறவர் உடனே பொதியைத் தேடி இறக்கப் போவார், டேட்டாவும் போகும். நாங்கள் வேண்டுமென்றே அல்லவா விட்டிருக்கிறோம். வறுமை என்ற பொருளைப் பற்றிக் கவலை வேண்டாம்; வேலையின்மை, கவனமின்மை என்று பத்திரிகைகள் தினமும் எழுதுகின்றன, யாரும் குழம்புவதில்லை.

பெயரைவிட, வரியில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம் என்று இப்போது படுகிறது. ஆர்ச் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில் விருப்பச் சார்புகளை (விரும்பினால் மட்டும் நிறுவும் துணைப் பொதிகளை) பட்டியலிடும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அது எதற்கு என்று ஒரு தொடர் எழுதியிருப்பார்கள். நாமும் அப்படிச் செய்யலாம்:

இன்மைக் குறிப்பு: கான்பெரா மாட்யூல் இல்லை. பொத்தான், சாளர ஒலிகள் வரமாட்டா.

‘வரமாட்டா’வா ‘வராது’வா என்பதை டீச்சர்மார் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். மற்றபடி மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.