1972 டாட்சன் 240இசட்: துருப்பிடித்த பம்பரை வைத்துப் புதிது வார்க்கலாமா?

கியூர்பிப்_இசட்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வாங்கிய 1972 டாட்சன் 240இசட் கார் இப்போது என் கையில் இருக்கிறது. அந்த 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, பிரச்சினையெல்லாம் பம்பரில்தான், இங்கே மொரீஷியஸில் பார்ஷோக் என்போமே, அதில்தான். பின் பம்பர் நடுத்துண்டு, இரண்டு மூலைத்துண்டு என்று மூன்றாக வரும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு பட்டறையில் மூன்றுக்கும் குரோம் போட்டுக் கொடுத்தார்கள், கியூர்பிப் மழை தெரியுமே, ஒரு வருடம் தாங்கவில்லை. நேற்று இடது மூலையைக் கழற்றி விரல் நகத்தை வைத்தேன், குரோம் மீன் செதிள் மாதிரி பிய்ந்து வந்தது. கவிழ்த்துத் தட்டினால் பழுப்புத் தூள் ஒரு கைப்பிடி கொட்டுகிறது, போல்ட் துளை இருந்த இடத்தில் ஐந்து ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு ஓட்டை.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க விசாரித்தேன், பம்பர் விலையை விடக் கப்பல் கூலியும் சுங்கமும்தான் மலைக்க வைக்கிறது. அதனால் ஃபைபரில், அதாவது கண்ணாடி இழையில், வார்த்துவிடலாம் என்று யோசனை. அதற்கும் குரோம் போட முடியுமா? பழையதை இரும்புக் கடையில் எடைக்குப் போடப் போகிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டர்பன்_பட்டறை:

தம்பி, முதலில் அந்தப் பழைய பம்பரை எடைக்குப் போடாதே. எவ்வளவு ஓட்டை விழுந்திருந்தாலும் வண்டியின் வளைவு அதில்தான் இருக்கிறது, படத்தைப் பார்த்தோ வேறு வண்டியில் அளவெடுத்தோ அந்த வளைவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதிலும் 1973 அமெரிக்க மாடல் படங்களை நம்பாதே. மெதுவாக மோதினால் வண்டிக்குச் சேதம் வரக்கூடாது என்று அங்கே சட்டம் வந்ததால் அந்த வருடப் பம்பர் கனமாகி பாடியை விட்டுத் தள்ளி நிற்கும், உன்னுடையது ஒட்டி நிற்பது.

அப்புறம் ஏன் உரிந்தது என்று தெரிந்துகொள். பளபளக்கும் குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. துருவைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல், அது 20, 30 மைக்ரான் இருக்க வேண்டும், அதற்கும் அடியில் செம்பு ஏற்றி நன்றாகத் தேய்த்திருக்க வேண்டும். செதிளாக வந்தது என்றால் துருவைச் சுத்தமாக எடுக்காமலேயே மேலே ஏற்றியிருக்கிறார்கள். இன்னொன்று, முலாம் தொட்டியில் மின்சாரம் வெளிப்பக்கத்துக்குத்தான் நன்றாகப் பாயும், பம்பரின் உள்குழிவுக்குச் சரியாகப் போகாது, அங்கே முலாம் மெல்லியதாகத்தான் ஏறும். பம்பர் எப்போதும் உள்ளேயிருந்து அரிப்பது அதனால்தான். நான் எந்தப் பம்பருக்கும் முலாம் முடிந்த கையோடு உட்பக்கம் எப்பாக்ஸி பெயிண்ட் இரண்டு கோட் அடித்துத்தான் கொடுப்பேன்.

என் வாக்கு தகரத்துக்குத்தான். ஓட்டையை வெட்டி எடுத்து அதே கனத்தில் துண்டு வைத்து டிக் வெல்டிங் (வாயு மூடிய மின்பொறியில் நுணுக்கமாக ஒட்டுவது) செய், தேய்த்துச் சமன் பண்ணு. 71லும் 73லும் கிழக்காப்பிரிக்க சஃபாரி ராலியை ஜெயித்த ரகம் அது, 73ல் ஓட்டியவர் நம் ஷேகர் மேத்தா. அந்த வண்டிக்கு இந்த மரியாதையாவது செய்ய வேண்டும்.

மாயேபூர்_படகு:

நான் ஃபைபர் படகு கட்டுகிறவன், காருக்கும் சில உருப்படி செய்து கொடுத்திருக்கிறேன். குரோம் கேள்விக்கு முதலில் பதில்: ஃபைபரில் மின்சாரம் பாயாது, அதனால் தொட்டியில் முக்கி முலாம் போட முடியாது. ஸ்ப்ரே குரோம் என்று அடித்துக் கொடுப்பார்கள், மேலே இருக்கும் லாக்கர் நம் வெயிலில் மஞ்சளாகும். வெள்ளி நிற பெயிண்டோ மங்கின கறுப்போ அடித்தால் நேர்மையாக இருக்கும்.

இனி அச்சு. பம்பரின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் உள்ளே மடிகின்றன, மூலைத்துண்டு பக்கவாட்டிலும் சுற்றி வருகிறது. ஒற்றை அச்சாக எடுத்தால் வார்த்த துண்டு உள்ளேயே பூட்டிக்கொள்ளும், உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் மடிப்பு தொடங்கும் கோட்டில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு நிறுத்தி, ஒரு பக்கம் வார்த்து, அது இறுகிய பிறகு தகட்டை எடுத்துவிட்டு மறுபக்கம் வார்த்து, இரண்டுக்கும் நடுவே விளிம்பு விட்டு ஒரு சாணுக்கு ஒரு போல்ட் போடு. மூல உருவுக்கு, அதாவது அச்சு எடுக்கும் பழைய பம்பருக்கு, மெழுகு ஐந்தாறு முறை பூச வேண்டும், ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடு, இதில் அவசரப்பட்ட ஒரு அச்சை உளியால் பெயர்த்தெடுத்திருக்கிறேன், மூல உருவும் சேர்ந்து போனது. துண்டுக்கு முதலில் ஜெல்கோட் (வெளிப்பரப்பாக வரும் கெட்டியான பூச்சு), பிறகு சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினில் (இறுகும் பிசின்) நனைத்து மூன்று அடுக்கு, சுமார் 3 மில்லிமீட்டர் கனம் வரும். அச்சு அதைப் போல இரண்டு மடங்கு கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். கூர்மையான மடிப்பில் மேட் படியாது, அடியில் காற்று நின்று பின்னால் ஜெல்கோட் உடையும், அங்கே முதலில் ரெசினும் நறுக்கின இழையும் கலந்த பசையை விரலால் அழுத்தி வளைவாக்கிவிட்டு அப்புறம் மேட்டை விரி.

கியூர்பிப்பில் மட்டும் இதைச் செய்யாதே. ஈரக் காற்றில் மேட் தண்ணீரைக் குடித்துவிடும், ரெசின் சரியாக இறுகாமல் மேல்பரப்பு ஒட்டிக்கொண்டே கிடக்கும். காலையில் மேட்டை வெயிலில் காயப் போட்டுவிட்டு நண்பகலுக்கு முன் வார்த்து முடித்துவிட வேண்டும், இங்கே கடற்கரையில் மழையில்லாத மாதங்களில் அது முடியும். பிராக்கெட் போல்ட்டை வெறும் ஃபைபரில் முறுக்காதே. உள்ளே இரும்புத் தகடு வைத்து அதன் மேல் இரண்டு அடுக்கு மேட் போர்த்து.

ரீயூனியன்_கடலோரம்:

தம்பி, ஸ்டெயின்லெஸ்ஸையும் யோசித்துப் பாருங்கள். வியட்நாமில் செய்து விற்கும் பழைய கார் பம்பர்கள் பெரும்பாலும் 304 ரகம், கடற்காற்றில் அதிலும் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு படியும், எங்கள் வீட்டு மாடிக் கைப்பிடியில் மாதம் ஒருமுறை துடைக்கிறேன். உள்ளூரில் யாராவது அடித்துக் கொடுப்பார்கள் என்றால் 316 கேளுங்கள், மாலிப்டினம் சேர்ந்தது, உப்புக்குத் தாங்கும். ஆனால் மூலைத்துண்டின் இரட்டை வளைவைத் தட்டி எடுக்க நல்ல கை வேண்டும்.

டர்பன்_பட்டறை:

மாயேபூர் அண்ணன் சொன்ன அச்சு முறை சரி. அதோடு இதைச் சேர்த்துக்கொள் தம்பி: முதலில் தகரத்தை வெல்டிங் வைத்து, வண்டியில் மாட்டி, இடைவெளி பார்த்துச் சரிசெய்துவிடு, சில்லறைக் குழிக்கு மட்டும் புட்டி. அதன் மேல் அச்சு எடு. ஃபைபர் பம்பரை மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டு. பணம் சேர்ந்ததும் அதே தகரத்தில் புட்டியை எரித்து எடுத்துவிட்டு முலாமுக்கு அனுப்பலாம். ஒரு வேலை இரண்டுக்கும் ஆகிவிடும். வண்டியில் மாட்டிப் பார்க்காமல் மேசை மேல் வைத்து மட்டும் அச்சு எடுக்காதே, 50 வருட வண்டியில் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாக இருக்காது.

கியூர்பிப்_இசட்:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா, எல்லாருக்கும். எடைக்குப் போட எடுத்து வைத்ததை மறுபடி உள்ளே கொண்டு வந்துவிட்டேன். இன்று மூன்று துண்டையும் போல்ட் போட்டு வண்டியில் நிறுத்திப் பார்த்தேன், டர்பன் அண்ணன் சொன்னது உண்மை, வலது பக்கம் பாடிக்கும் பம்பருக்கும் 9 மில்லிமீட்டர், இடது பக்கம் 14. இடது பிராக்கெட் லேசாக வளைந்திருக்கிறது, அப்பா எப்போதோ பின்னால் எடுத்தபோது மதிலில் இடித்தது. பிராக்கெட்டை நிமிர்த்திவிட்டு வெல்டிங் ஆரம்பிக்கிறேன். மாயேபூர் அண்ணே, மூலைத்துண்டுகள் தயாரானதும் உங்கள் பக்கம் கொண்டு வரட்டுமா? மேட், ரெசின் செலவு என்னுடையது. அந்தப் பிளாஸ்டிக் தகடு எத்தனை மில்லிமீட்டர் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

மாயேபூர்_படகு:

2 மில்லிமீட்டர் போதும், கையால் வளைய வேண்டும். மெழுகு என்னிடம் இருக்கிறது, வாங்காதே. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன் வந்துவிடு, தம்பி.